கேமிங் கம்ப்யூட்டர்: 50 ஆயிரமா, 80 ஆயிரமா, ஒன்றேகால் லட்சமா?

மதுரையில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு பெரும்பாலான வீடுகளில் ஒரு தொகையில்தான் ஆரம்பிக்கிறது. மகன் ஒரு லட்சம் என்பான். அப்பா முப்பதுக்குள் முடி என்பார். நடுவில் சித்தப்பா வந்து, லேப்டாப்பாக வாங்கிக் கொடுங்கள், படிப்புக்கும் ஆகும் என்பார். தொகையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குள் பொருளைத் திணித்தால், பணம் தேவையில்லாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். என்ன கேம் விளையாடப் போகிறோம், எந்த மானிட்டரில் விளையாடப் போகிறோம் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் தொகை தானாக வந்து நிற்கும்.

தெரிந்தவர்களுக்கு சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானிட்டர், யூபிஎஸ் எல்லாம் சேர்த்து 80 ஆயிரத்தை ஒட்டிப் போடும் பணம்தான் நம் ஊரில் அதிகம் வேலை செய்கிறது. அவ்வளவு முடியாதென்றால், பின்னால் வளர்க்கக்கூடிய மாதிரி 50 ஆயிரத்தில் தொடங்கலாம். 30 ஆயிரத்துக்குள் கேமிங் சிஸ்டம் என்று யாராவது விற்றால் அதை வாங்க வேண்டாம். ஒரு லட்சத்துக்கு மேல் போக ஒரு தெளிவான காரணம் வேண்டும்.

முதலில் கேம். வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற சுட்டு விளையாடும் கேம்கள் பழைய கருவியிலும் ஓடவேண்டும் என்று எழுதப்பட்டவை. 2015ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5 இன்றைய கணக்கில் எளிய கேம்தான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, சைபர்பங்க் 2077, 2024ல் வந்த பிளாக் மித் வூகாங் இவையெல்லாம் வேறு வகை. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அவற்றைத் தொட முடியாது. பையனிடம் கேட்டால் எல்லா கேமின் பெயரையும் சொல்வான். தினமும் எதை விளையாடுகிறான் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த ஒன்றிரண்டுக்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

அப்புறம் திரை. 1080பி, 1440பி, 4கே என்பவை திரையில் எத்தனை புள்ளிகள் என்பதைச் சொல்லும் அளவுகள். 1080பி என்றால் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 37 லட்சம். 4கே என்றால் 83 லட்சம். ஒவ்வொரு நொடியும் இத்தனை புள்ளிகளையும் பலமுறை வரைந்து கொடுப்பது கிராபிக்ஸ் கார்டு. மானிட்டரை ஒரு படி உயர்த்தினால் கார்டையும் ஒரு படி உயர்த்த வேண்டும், கூடவே எஸ்எம்பிஎஸ்ஸும் (கேபினெட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) யூபிஎஸ்ஸும் உயரும். 24 இன்ச், 1080பி, 144 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் மானிட்டர் 10 ஆயிரத்தை ஒட்டிக் கிடைக்கிறது. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்ற கணக்கு. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லிசெகண்ட், 144ல் அது 6.9 ஆகக் குறைகிறது. சுட்டு விளையாடும் கேம்களில் இந்த வித்தியாசத்தை முதல் நாளே கண் பிடித்துவிடும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் 4கே ஆசையை விட்டுவிட்டு 144 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 30 ஆயிரம் விவகாரம். “ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி” என்று 18 ஆயிரம், 22 ஆயிரம் போட்டு விளம்பரம் வரும். கண்ணாடி கேபினெட், உள்ளே வண்ண வண்ணமாகச் சுழலும் ஃபேன்கள், பார்க்க ஜோராக இருக்கும். கேபினெட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஐ7 2600. 2011ல் வந்த பிராசஸர், ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றது. 4 ஜிபி கிராபிக்ஸ் என்பது ஜிடி 730. அது 2014ன் கார்டு, கேம் விளையாடுவதற்கென்று வந்ததும் கிடையாது. அதில் 4 ஜிபி நினைவகம் இருந்தாலும் வரைந்து தள்ளும் சக்தி இல்லை. தனிக் கார்டே இல்லாமல், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசஸர் அதை எளிதாகத் தாண்டிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் 8ம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், இந்த ஐ7 2600 அதற்கு மிகப் பழசு. விண்டோஸ் 11ல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருந்தாக வேண்டும். அந்தப் பழைய போர்டில் டிபிஎம் 2.0 கிடையாது. மகன் ஆசையாகக் கேட்டான் என்று ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய அப்பாக்களை இந்த இடத்தில் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. விளம்பரத்தில் ஐ5, ஐ7 என்று மட்டும் போட்டு, பின்னால் வரும் நான்கு, ஐந்து இலக்க எண்ணைப் போடவில்லை என்றால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சரி, 50 ஆயிரத்தில் என்ன செய்யலாம்? ரைசன் 5 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசஸர். 6 கோர், 12 த்ரெட். வேலரண்ட் நன்றாகவே ஓடும். ஜிடிஏ 5ம் கவுன்டர் ஸ்ட்ரைக் 2ம் செட்டிங்கைக் குறைத்தால் ஓடும். கல்லூரி வேலை, கோடிங், வீடியோ எடிட்டிங்கின் பாலபாடம் எல்லாவற்றுக்கும் தாராளம். இதில் கட்டாயம் கவனிக்க வேண்டியது ரேம். 16 ஜிபியை ஒரே துண்டாகப் போடாமல் 8, 8 என்று இரண்டாகப் போட வேண்டும். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லாததால் அது ரேமைத்தான் பயன்படுத்துகிறது; இரண்டு துண்டு இருந்தால் இரண்டு வழியில் தகவல் போய்வரும், கேம் ஓடும் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடும். கடையில் ஒன்று போதும் என்பார்கள். கேட்காதீர்கள்.

இந்த வழியில் ஒரு குறையும் உண்டு. 5600ஜியில், கிராபிக்ஸ் கார்டோடு தகவல் போய்வரும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ், பழைய 3.0 வகைதான். எல்3 கேஷ் என்ற, பிராசஸருக்குள் இருக்கும் வேகமான நினைவகமும் ‘ஜி’ இல்லாத ரைசன் 5 5600ல் இருப்பதில் பாதி, 16 எம்பி. பின்னால் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால் வேலை செய்யும், ஆனால் அதே கார்டு 5600ல் கொடுக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கொடுக்கும். ஆறு மாதத்துக்குள் கார்டு வாங்கிவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தால், பொறுத்திருந்து நேராக 80 ஆயிரம் சிஸ்டத்துக்குப் போவதே மேல். இரண்டு வருடமாவது ஆகும் என்றால் 5600ஜி நல்ல முடிவு.

ரேமைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்ல வேண்டும். 2025ன் கடைசியில் இருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு நினைவகச் சிப்புகள் மொத்தமாகப் போய்விட, நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ரேம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. எஸ்எஸ்டியும் கூடவே ஏறியது. அதனால் நான் சொல்லும் தொகைகளை எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டு, வாங்கும் வாரத்தில் புதிதாகக் கொட்டேஷன் கேளுங்கள். வீட்டில் பழைய சிஸ்டத்தில் டிடிஆர்4 ரேம் (டிடிஆர்5க்கு முந்தைய வகை) நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றிப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். இந்தக் காரணத்துக்காகவே டிடிஆர்4 ஏற்கும் போர்டுகளுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

80 ஆயிரத்துக்கு வருவோம். ரைசன் 5 5600 அல்லது ஐ5 12400எஃப். இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். இரண்டோடும் கூலர் பெட்டியிலேயே வரும். லிக்விட் கூலர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டவே வேண்டாம். அந்தப் பணம் கார்டுக்குப் போகட்டும். கார்டில் இரண்டு வழி. 2021ல் வந்த ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 132 வாட். 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060, அதுவும் 8 ஜிபி, 145 வாட். முன்னது 20 ஆயிரத்தைச் சுற்றி, பின்னது 30 ஆயிரத்தைச் சுற்றி. 1080பியில் பெரும்பாலான கேம்களுக்கு 6600 இன்றும் போதும். புதிதாக வரும் கனமான கேம்களும் விளையாட வேண்டும், கேம் ஓடும் வேகத்தைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வசதி வேண்டும், பிளெண்டர் போன்ற 3டி மென்பொருள்களைக் கற்றுக்கொள்ளவும் ஆசை என்றால் 5060க்குக் கொடுக்கும் கூடுதல் 10 ஆயிரம் வீண் போகாது. ஆர்டிஎக்ஸ் 3050ன் 6 ஜிபி வகை இடையில் வந்து ஆசை காட்டும். தனியாகப் பவர் கேபிள் தேவையில்லாத 70 வாட் கார்டு அது. பழைய எஸ்எம்பிஎஸ் உள்ள சிஸ்டத்துக்கு நல்ல உதவி. புதிதாக சிஸ்டம் போடுகிறவர் கொஞ்சம் சேர்த்து 6600 வாங்கிவிட வேண்டும்.

இந்தத் தொகையின் பெரிய பலம், கார்டுக்கும் பிராசஸருக்கும் பொருத்தம் சரியாக இருப்பது. அதிலேயே ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் யூபிஎஸ்ஸும் அடங்கிவிடும். கொட்டேஷனைக் குறைக்கச் சொன்னால் கடைக்காரர் முதலில் கைவைக்கும் இடம் எஸ்எம்பிஎஸ்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெட்டியின் மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். திருப்பிப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். அதில் +12 வோல்ட் என்பதற்கு எதிரே ஆம்பியர் கணக்கு இருக்கும். அது 14 என்றால் 12ஐ 14ஆல் பெருக்குங்கள், 168 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் மின்சாரம் எடுப்பது அந்த 12 வோல்ட் பாதையில்தான். மேலே போட்ட 450 மற்ற பாதைகளையெல்லாம் கூட்டிக் காட்டிய எண். கார்டுக்கு மட்டுமே 145 வாட், பிராசஸருக்கு 70, 80 என்று போனால் அந்தப் பெட்டி தாங்காது. கேம் சூடு பிடிக்கும் நேரத்தில் சிஸ்டம் அணைந்துபோகும். சில சமயம் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். 550 வாட், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை, பெயர் தெரிந்த கம்பெனி, 5 வருட வாரண்டி என்று 4,500, 5,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதில் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

அடுத்தது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் இருந்து சாயங்காலம் வரை மின்தடை வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும், அதில் பிரச்சினை இல்லை. கோடை மழை இரண்டு இடி இடித்ததும் சொல்லாமல் போய், வந்து, மறுபடி போகிற கரண்ட்தான் சிஸ்டத்தைக் கெடுக்கிறது. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்ளும். கடைகளில் பொதுவாகக் கொடுக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட் வரைதான் தாங்கும். 50 ஆயிரம் சிஸ்டத்துக்கு அது போதும். கார்டு போட்ட சிஸ்டத்துக்கு 1100 விஏ, அதாவது 660 வாட் வகையை வாங்குங்கள். கேமைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். அது சைன் வேவ் வகையா, யூபிஎஸ் மோடு என்ற ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கேமிங் சிஸ்டத்தை மாட்ட வேண்டாம்.

மின்கட்டணம் பற்றிப் பயம் வேண்டியதில்லை. மானிட்டரோடு 300 வாட் என்று வைத்துக்கொண்டு தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் ஒரு நாளைக்கு 0.9 யூனிட். இரண்டு மாத ரீடிங்கில் 54 யூனிட். ஆனால் ஏசி ஓடி, ஏற்கெனவே 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடென்றால் இந்த 54 அந்தக் கோட்டைத் தாண்ட வைத்து யூனிட் விலைப் படியையே மாற்றிவிடும். அந்த வீட்டில் பெரிய கார்டு வாங்கும் முன் ஒருமுறை பழைய ரீடிங்கைப் பாருங்கள்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கத்திரி நேரத்தில் மதுரை 40 டிகிரியைத் தொடும். ஏசி இல்லாத மாடி அறையில் கம்ப்யூட்டர் உள்ளே இழுப்பதே சூடான காற்று. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் அழகாக இருந்தாலும் மூச்சுவிட வழியில்லை. சல்லடை போன்ற முன்பக்கம், முன்னே இரண்டு ஃபேன், பின்னே ஒன்று, அது போதும். தூசியும் அதிகம் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

செகண்ட்ஸ் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் பொருள் தெரிந்தவர் கூட வரவேண்டும். 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆர்எக்ஸ் 580 2017ன் கார்டு; அதிலும் 2048எஸ்பி என்று குறைத்துச் செய்த வகையைப் புதுப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். கையில் பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓட்டிப் பாருங்கள். திருகு கழற்றிய தடம், ஃபேன் சத்தம், பழைய பில், சீரியல் நம்பர் எல்லாம் பார்க்க வேண்டும். கார்டையோ பிராசஸரையோ செகண்ட்ஸில் எடுப்பதை ஏற்பேன். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் செகண்ட்ஸில் எடுக்காதீர்கள்.

ஒன்றேகால் லட்சம் என்பது 1440பி மானிட்டரில் விளையாட நினைப்பவரின் சிஸ்டத்துக்கான தொகை. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அல்லது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, இரண்டிலும் 16 ஜிபி வகை. ஏஎம்5 என்ற, ஏஎம்டியின் புதிய பிராசஸர்கள் பொருந்தும் போர்டு, டிடிஆர்5 ரேம். ஏஎம்5க்குப் புதிய பிராசஸர்களை 2027 தாண்டியும் தருவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நான்கு வருடம் கழித்து பிராசஸரை மட்டும் மாற்றலாம் என்பது உண்மையான லாபம். வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பவர், எடிட்டிங்கோ 3டியோ செய்து அதில் வருமானம் பார்ப்பவர் தயங்காமல் வாங்கலாம். வேலரண்ட் மட்டும் விளையாடும் ஒரு பிளஸ் டூ பையனுக்காக நகையை அடகு வைத்து இந்தத் தொகைக்குப் போகிறார்கள் என்றால் வேண்டாம் என்று வீட்டுக்கே வந்து சொல்வேன். இரண்டு லட்சம், மூன்று லட்சம் சிஸ்டங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவற்றை வாங்குகிறவருக்குத் தொகை ஒரு கேள்வியே அல்ல.

சித்தப்பா சொன்ன லேப்டாப்? கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகிறவனுக்கு அதுதான் சரி. பேட்டரி இருப்பதால் யூபிஎஸ் செலவும் மிச்சம். வீட்டிலேயே இருந்து தியாகராஜருக்கோ அமெரிக்கன் கல்லூரிக்கோ போய்வருகிறவனுக்கு நான் டெஸ்க்டாப்பைத்தான் சொல்வேன். ஆர்டிஎக்ஸ் 4050 என்று ஒரே பெயரில் வரும் லேப்டாப் கார்டு, தயாரிப்பாளர் வைத்ததைப் பொறுத்து 35 வாட்டிலும் ஓடும், 115 வாட்டிலும் ஓடும். இரண்டும் ஒரே வேகம் கிடையாது. எத்தனை வாட் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். நம் ஊர் வெயிலில் லேப்டாப் சூடாகி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்டு பழசானால் மாற்றவும் முடியாது.

பிளேஸ்டேஷன் 5ஐயும் ஒதுக்கிவிட முடியாது. டிஸ்க் போடும் ஸ்லிம் வகை 2024 ஏப்ரலில் 54,990 ரூபாய்க்கு இங்கே வந்தது. அந்தப் பணத்துக்கு அது தரும் படத்தை எந்தக் கம்ப்யூட்டரும் தராது. வீட்டில் 4கே டிவி இருக்கிறது, கதை கேம்கள்தான் பிடிக்கும், ஜிடிஏ 6க்காகக் காத்திருக்கிறான் என்றால் அதையே வாங்குங்கள். ஜிடிஏ 6 அறிவிக்கப்பட்டிருப்பதும் பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். ஆனால் புது கேம் ஒவ்வொன்றும் 4,000, 5,000 ரூபாய். கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கலாம், அதே மாதிரிக் கடையான எபிக் வாராவாரம் ஒரு கேமையாவது இலவசமாகத் தருகிறது. வேலரண்டுக்கு மவுசும் கீபோர்டும்தான் வசதி. அதே பெட்டியில் படிப்பு வேலையும் நடக்க வேண்டும் என்றால் கம்ப்யூட்டர்தான்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. வைகை எக்ஸ்பிரஸ் ஏறி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் இரண்டாயிரம், மூவாயிரம் குறையலாம். ஒரு பொருள் கெட்டால் மறுபடி டிக்கெட் போட வேண்டும். டவுன்ஹால் ரோட்டிலோ உங்கள் பகுதியிலோ பத்து வருடமாகக் கடை வைத்திருப்பவரிடம் கொட்டேஷன் வாங்கி, ஆன்லைன் விலையையும் காட்டிப் பேசுங்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், வாரண்டிக்கு அனுப்பி வாங்கித் தரும் வேலையை அவரே பார்ப்பார் என்றால் கொடுக்கலாம். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பொருளும் தனித்தனி வரியாக, முழு மாடல் எண்ணோடும் சீரியல் நம்பரோடும் இருக்க வேண்டும். “கேமிங் சிஸ்டம் 1” என்று ஒரே வரியில் போட்ட பில்லை வைத்துக்கொண்டு மூன்று வருட வாரண்டி கேட்க முடியாது.

சிஸ்டத்தை எடுக்கும்போது கடையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்று பின்னால் பாருங்கள். பலர் அதை மதர்போர்டில் செருகிவிட்டுக் கார்டு சரியில்லை என்கிறார்கள். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் 60ல் நிற்கும் எண்ணை 144க்கு மாற்றுங்கள், அது பெரும்பாலும் தானாக மாறாது. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் பகுதி) ரேம் அதன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று கேளுங்கள். வீட்டில் வைஃபைக்குப் பதில் மோடத்தில் இருந்து ஒரு லேன் கேபிளை இழுத்துவிடச் சொல்லுங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்குக்குச் சென்னையிலேயே சர்வர் இருக்கிறது. அந்தச் சில நூறு ரூபாய் கேபிள், சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரமான பிங்கில் தரும் நிதானத்தைப் பத்தாயிரம் கூடுதலாகப் போட்ட கார்டாலும் தர முடியாது.